விழும் பல்தானே என விட்டுவிடலாமா?

பல் போனால் சொல் போச்சு என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. முதியோரை எண்ணிச் சொல்லப்பட்ட இப்பழமொழி, இன்று மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் பொருந்துவதாகிவிட்டது. மலேசியாவில் ஐந்து வயதுக் குழந்தைகளிடையே சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி, 2005ஆம் ஆண்டில் நூற்றுக்கு 76.2 பேருக்குப் பற்சிதைவு இருந்தது. 2015ஆம் ஆண்டில் இவ்விகிதம் 71.3ஆகக் குறைந்தது. குறைந்தது குறித்து மகிழலாம். எனினும், பாலர் பள்ளிக்கு வரும் பத்துக் குழந்தைகளுள் எழுவருக்குச் சொத்தைப் பல் என்பது நாம் அமைதியாக இருக்கக்கூடிய நிலையன்று.

இந்நோயைக் குறித்துப் பெற்றோர் பலர் கூறும் விடை ஒன்றுண்டு. “பால் பல்தானே, எப்படியும் விழுந்து புதுப் பல் முளைக்கும்” என்பதே அது. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இவ்விடையில்தான் குழந்தையின் துன்பம் தொடங்குகிறது. அது ஏன் தவறு என்பதையும், சொத்தை எவ்வாறு உண்டாகிறது என்பதையும், செலவின்றி வீட்டிலேயே அதனைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாற்பற்கள் செய்யும் பணி

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதற்பல் முளைக்கிறது. இரண்டரை முதல் மூன்று வயதிற்குள் இருபது பாற்பற்களும் முளைத்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு அல்லது ஏழு வயதில் விழத் தொடங்கும். ஆனால், பின்புறத்துப் பாற்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரையில் வாயில் இருக்க வேண்டியவை. இரண்டு வயதில் முளைத்த பல்லொன்று எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை வளர்வதற்கு உண்ணும் உணவு அனைத்தையும் அரைத்துக் கொடுப்பவை அப்பற்களே.

பாற்பற்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. தமக்குக் கீழே தாடை எலும்பினுள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பல்லுக்கு அவை இடம் காத்து நிற்கின்றன. பின்புறத்துப் பாற்பல் ஒன்று சொத்தையால் முன்கூட்டியே பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. பின்னர் முளைக்கும் நிலைத்த பல் தன் இடம் பறிபோனதால் கோணலாக வெளிப்படுகிறது. பாற்பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அடியில் வளரும் புதிய பல்லும் பழுதுபடக்கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பல்வலி என்பது வலியே. பாற்பல்லிலும் உயிர் நரம்பு உண்டு. பல்வலியுள்ள குழந்தை சரியாக உண்பதில்லை, இரவில் உறங்குவதில்லை, மறுநாள் பள்ளிக்குச் சென்றாலும் பாடத்தில் மனம் செல்வதில்லை. அக்குழந்தையை நகரத்துச் சிகிச்சை நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் தாயோ தந்தையோ அன்றைய கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. விழும் பல் என்று விட்டதன் விலை இவ்வளவு பெரிது.

புழுவா, அமிலமா?

தோட்டம் ஒன்றில் நடைபெற்ற நல்வாழ்வுக் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயா, பல்லுக்குள்ளே புழு இருக்குதுன்னு சொல்றாங்களே, கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடிச்சா அது விழுந்துடுமே, அது பொய்யா?” என்று வினவினார். நல்ல வினா. “பாட்டி, நீங்கள் மட்டும் அன்று, உலகத்தில் பல நாட்டு மக்களும் அவ்வாறுதான் நம்பியிருந்தார்கள்” என்றே விடை தொடங்க வேண்டியிருந்தது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் போஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சொத்தைப் பற்களில் தாம் புழு எதனையும் காணவில்லை என்று எழுதினார். 1890ஆம் ஆண்டில் மில்லர் என்னும் அறிஞர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உணவிலிருந்து அமிலத்தை உண்டாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் விளக்கினார். அவர் கூறிய அடிப்படை இன்றும் நிலைத்து நிற்கிறது.

அது நிகழும் விதம் இதுவே. பற்களின் மேல் வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று நாள்தோறும் படிகிறது. காலையில் எழுந்தவுடன் நாவினால் தடவினால் அதனை உணரலாம். அப்படலத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் உண்ணும் சீனியே அவற்றின் முதன்மையான உணவு. சீனியை உண்ட சில நிமிடங்களில் அவை அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் வெளிப்பூச்சான எனாமல், நம் உடலில் மிகக் கடினமான பொருளாயினும் அமிலத்தின் முன் அதிலுள்ள சுண்ணச் சத்து கரையத் தொடங்குகிறது.

இதனை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். கடைகளில் ‘சுக்கா’ என்று கேட்டு வாங்கும் காடியை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதனுள் ஒரு கோழி முட்டையை இடுங்கள். ஓட்டின் மேல் சிறுசிறு குமிழிகள் தோன்றும். ஓரிரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ஓடு கரைந்து, முட்டை தோல் போல் மென்மையாகியிருக்கும். முட்டையோடும் எனாமலும் ஒரே பொருளல்ல. எனினும் இரண்டிலும் சுண்ணச் சத்து உண்டு, இரண்டையும் அமிலம் கரைக்கும். இச்சோதனையைக் கண்ட பிள்ளைக்குப் பல் துலக்குவதன் காரணத்தை மீண்டும் மீண்டும் சொல்லத் தேவையிராது.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை

பல்லைக் காக்கும் காவலன் ஒருவனும் வாயில் இருக்கிறான். அவன் உமிழ்நீர். அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை எனாமலில் மீண்டும் படியச் செய்வது உமிழ்நீரின் வேலை. ஆனால், அதற்கு நேரம் வேண்டும். ஒரு முறை இனிப்பு உண்டபின் வாய் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறுவன் பத்து மிட்டாய்களைச் சாப்பாட்டிற்குப் பின் ஒரே வேளையில் தின்றுவிடுகிறான். அவன் பற்கள் அமிலத்தில் இருப்பது ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம். மற்றொரு சிறுவன் அதே பத்து மிட்டாய்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரையில் ஒவ்வொன்றாகச் சுவைக்கிறான். அவன் பற்களோ ஐந்து மணி நேரம் அமிலத்தில் ஊறுகின்றன. தின்ற சீனி ஒன்றே. விளைந்த தீமை ஒன்றன்று. உமிழ்நீர் ஒரு தாக்குதலைச் சமாளித்து முடிப்பதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடுகிறது.

ஆகவே, இனிப்பையே கண்ணில் காட்டக்கூடாது என்று பிள்ளைகளை வருத்த வேண்டியதில்லை. தீபாவளிப் பலகாரமும் பிறந்தநாள் கேக்கும் இருக்கட்டும். அவற்றை உணவு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். இடைவேளைகளில் பசித்தால் அவித்த மரவள்ளிக் கிழங்கு, வேகவைத்த கொண்டைக் கடலை, கொய்யா, பப்பாளி முதலியவை போதும். தாகத்திற்குத் தண்ணீரே சிறந்தது. மூன்று வேளைத் தேநீரும், மைலோவும், சிராப் நீரும் தனித்தனியே எண்ண வேண்டிய இனிப்பு வேளைகளே என்பதை மறவாதீர்.

இரவில் வாயில் இருக்கும் பால் போத்தல்

சிறு குழந்தைகளின் பற்களுக்குப் பெருங்கேடு விளைவிப்பது மிட்டாயன்று. இனிப்பூட்டிய பால் நிறைந்த போத்தலே. தோட்டத்து வாழ்வில் இப்பழக்கம் ஏன் வேரூன்றியது என்பதை அறிவோம். பொழுது புலருமுன் பெரட்டுக்குப் புறப்படும் தாய், இரவில் சிறிது உறங்கியாக வேண்டும். அழும் குழந்தையின் வாயில் போத்தலை வைத்தால் அது உறங்கிவிடுகிறது. ஆயாக் கொட்டகையில் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் போத்தலே கைகொடுக்கிறது. இவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், அப்போத்தல் செய்வது என்ன என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கிறது, விழுங்குதலும் குறைகிறது. வாயில் தங்கும் இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. காவலன் உறங்கும் நேரத்தில் இரவு முழுவதும் அமிலம் வேலை செய்கிறது. இதனால், இரண்டு வயது நிரம்புவதற்குள் மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி உதிர்ந்து, வேர் மட்டும் எஞ்சிய குழந்தைகளைக் காண்கிறோம். சூப்பானைத் தேனிலோ சீனிப் பாகிலோ தோய்த்துக் கொடுப்பதும் இத்தகைய தீமையையே செய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கொடுக்கத்தக்கதன்று.

இனிப்பூட்டிய கெட்டிப்பாலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் எடையில் ஏறத்தாழச் சரிபாதி சீனியே. அது கைக்குழந்தைக்கு உணவாகாது. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கெட்டிப்பாலைக் கொடுக்கும்படி தாய்மாரைத் தூண்டும் விளம்பரங்களைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். ‘பாலும் கொலையும்’ என்பது அவருடைய உரையின் தலைப்பு. அவர் கவலைப்பட்டது குழந்தைகளின் உயிரைப் பற்றி. பல்லுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஓராண்டு நிறைந்த குழந்தையைக் கோப்பையில் குடிக்கப் பழக்குவது நலம். இரவுப் போத்தலை ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை அழும், வீடே உறங்காது. எனவே, ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இரவுப் போத்தலில் முதலில் சீனியை நிறுத்துங்கள். பின்னர் இரண்டு வாரக் காலத்தில் சிறிது சிறிதாகப் பாலைக் குறைத்து நீரைக் கூட்டுங்கள். முடிவில் வெறும் நீரே இருக்கும். குழந்தை தானாகவே அதனை விட்டுவிடும். பகலில் அருந்தும் பாலையும் உணவையும் குறைத்தல் கூடாது. ஆயாவிடமும் இம்முறையைச் சொல்லி வைத்தல் வேண்டும். வீட்டில் நிறுத்திய போத்தல் கொட்டகையில் தொடர்ந்தால் பயனில்லை.

யாரும் அறியாமல் முளைக்கும் பல்

ஆறு வயதளவில் குழந்தையின் வாயில் ஒரு நிகழ்ச்சி நடைபெறுகிறது. பெற்றோருள் பெரும்பாலோர் அதனைக் கவனிப்பதில்லை. முன்பல் ஆடுவதும் விழுவதும் வீடெங்கும் பேசப்படும். அதே காலத்தில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, மேலும் கீழுமாக இருபுறத்தும் நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பல் விழாமையால் இவற்றைப் பாற்பற்கள் என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை நிலைத்த பற்கள். இவை போனால் மீண்டும் முளைக்கமாட்டா.

இப்பற்களின் மேற்புறத்தில் ஆழமான குழிகளும் வரிப்பள்ளங்களும் இருக்கின்றன. அவற்றில் உணவு தங்கும். பிரஷின் முனை எளிதில் நுழையாது. முளைத்து வரும் காலத்தில் பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் துலக்கும்போது பிரஷ் அவற்றைத் தொடாமலே சென்றுவிடுகிறது. எனவே பிள்ளைகளின் நிலைத்த பற்களுள் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இவையே. அறுபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய பல்லை எட்டு வயதில் இழப்பது எத்தகைய நட்டம்!

பிள்ளைக்கு ஐந்தரை வயதானவுடன் மாதந்தோறும் வாயைத் திறக்கச் செய்து, வெளிச்சத்தில் பின்புறத்தைப் பாருங்கள். புதிய பல் தலைகாட்டியதும் பிரஷைக் குறுக்காகப் பிடித்து அதனைத் தனியே துலக்குங்கள். இப்பள்ளங்களை மூடும் பாதுகாப்புப் பூச்சு ஒன்றும் உண்டு. பல்லைத் துளைக்காமலே, வலியின்றிச் சில நிமிடங்களில் அது இடப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு அப்பூச்சு தேவையா என்று பல் மருத்துவரிடமோ பள்ளிக்கு வரும் பல் தாதியிடமோ கேளுங்கள்.

துலக்கும் முறை

ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவற்றால் பல் துலக்கிய முன்னோர் தூய்மையின் அருமையை அறிந்தவர்கள். ஆயினும், குழந்தையின் சிறு வாயில் குச்சி கடைவாய் வரையில் எட்டாது. கரித்தூள், செங்கற்பொடி, சாம்பல் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். புளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான சிறு பிரஷும் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. பற்பசை உறையில் புளோரைடின் அளவு 1000 அல்லது அதற்கு மேல் எனக் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முதற்பல் முளைத்த நாள் முதல் துலக்க வேண்டும். மூன்று வயது வரையில் அரிசி மணியளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரையில் பட்டாணியளவு இடலாம். பிரஷ் முழுவதும் நீளமாகப் பிதுக்கும் விளம்பரப் படத்தைப் பின்பற்ற வேண்டா, குழந்தை விழுங்கிவிடும். நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்குதல் நன்று. அவ்விரண்டுள் இன்றியமையாதது இரவு உறங்கப்போகுமுன் துலக்குவதே. அதன்பின் நீரைத் தவிர வேறெதனையும் கொடுத்தல் ஆகாது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும்; நிறைய நீரால் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைடும் போய்விடும்.

ஏழு எட்டு வயது வரையில் பிள்ளையின் கைக்குப் பல்லைச் செம்மையாகத் துலக்கும் திறமை வருவதில்லை. ஆகவே, முதலில் அவனே துலக்கட்டும். பின்னர்ப் பெரியவர் ஒருவர் மறுபடி துலக்கிவிட வேண்டும். தாய்க்கு ஓய்வில்லையெனில் தந்தையோ பாட்டியோ அக்காளோ இதனைச் செய்யலாம்.

புளோரைடின் துணை

குடிநீரில் மிகச் சிறிதளவு புளோரைடு சேர்த்தால் பற்சிதைவு குறைகிறது என்பது அறிவியல் கண்ட உண்மை. நம் நாட்டில் இம்முறை 1957ஆம் ஆண்டில் ஜொகூரில் தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டில் நாடளாவிய கொள்கையாக ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்றிருந்த அளவு, 2005ஆம் ஆண்டில் 0.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. புளோரைடு எனாமலில் கலந்து, அமிலத்தை எதிர்க்கும் வலிமையை அதற்குத் தருகிறது. தொடக்க நிலையில் உள்ள சிதைவைத் திருத்தவும் துணைபுரிகிறது.

ஆனால், எல்லா வீடுகளுக்கும் இந்நன்மை கிட்டுவதில்லை. கிணற்று நீரையோ, ஆற்றுநீரைத் தோட்டமே வடிகட்டித் தரும் நீரையோ பயன்படுத்தும் குடும்பங்களுக்குப் பொதுக் குழாய் நீரிலுள்ள புளோரைடு கிடைப்பதில்லை. சில வகை நவீன வடிகட்டிகளும் புளோரைடை நீக்கிவிடுகின்றன. இத்தகைய வீடுகளில் புளோரைடு பற்பசையின் தேவை இருமடங்காகும்.

பல் தாதியைக் கண்டு அஞ்ச வேண்டா

பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென 1949ஆம் ஆண்டில் பினாங்கில், நியூசிலாந்து நாட்டு முறையைப் பின்பற்றிப் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் நாடெங்கும் பரவி, நடமாடும் சிகிச்சைக் குழுக்களாகத் தோட்டப் பள்ளிகளுக்கும் சென்று தொண்டாற்றினர். இன்றும் அச்சேவை தொடர்கிறது. பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் பற்சிகிச்சை இலவசம். பல் தாதி வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர். அனுமதிக் கடிதம் வந்தால் படித்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். “குறும்பு செய்தால் ஊசி போடச் சொல்வேன்” என்று அச்சுறுத்துவதையும் விட்டுவிடுங்கள். வீட்டில் ஊட்டிய அச்சம் சிகிச்சை நாற்காலியில் வெளிப்படும்.

சொத்தையின் முதல் அடையாளம் கரும்பள்ளமன்று. ஈறின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்கோடு தோன்றும். அந்நிலையில் சிதைவை நிறுத்திவிடலாம். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் அது கண்ணுக்குப் புலப்படும். பள்ளம் விழுந்துவிட்டால் பல் தானாக வளர்ந்து அதனை நிரப்பாது. மருத்துவரே அடைக்க வேண்டும்.

வலி வந்தபின் கிராம்புத் தைலம் தடவினால் சற்று மரத்துப்போகுமேயன்றி நோய் தீராது. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது புண்ணை உண்டாக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் குழந்தை துன்புற்றாலோ, மறுநாள் வரையில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பல்லில் தோன்றிய நஞ்சு உடலெங்கும் பரவக்கூடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இரவு உறங்கப்போகுமுன் புளோரைடு பற்பசையால் துலக்குதல். அதன்பின் நீர் மட்டுமே.
2. போத்தலை வாயில் வைத்து உறங்க விடாமை.
3. இனிப்பை உணவு வேளையோடு கொடுத்தல், இடைவேளைகளில் தவிர்த்தல்.
4. ஏழு எட்டு வயது வரையில் பெரியவர் துலக்கிவிடுதல்.
5. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்களைத் தேடிப் பார்த்துக் காத்தல்.
6. மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தல். பல் தாதி வரும் நாளைத் தவறவிடாமை.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பிரஷும், ஒரு குழல் பற்பசையும், நாள்தோறும் நான்கு நிமிடப் பொழுதுமே வேண்டும். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் குழந்தையை வெளிச்சத்தில் அமர்த்தி, அதன் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெண்கோடு தென்பட்டால் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. தென்படாவிடின், அந்நிலை நீடிக்க இன்றிரவே துலக்கத் தொடங்குங்கள்.